காலையில் எலி, பிற்பகலில் மனிதர்

மெஷின் வேலையை முடித்துக்கொண்டு ஒரு முறை கூவியது. தியாங்கே எழுந்து போகவில்லை.

திரையில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நேற்றும் அதுதான் இருந்தது. அதற்கு முந்தின நாளும் அதுதான். இருந்தாலும் ஒரு தடவையாவது மாறி வராதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. செத்துப்போன தங்கைக்கு அந்த நோய் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அக்கா உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கடைசியில் எழுந்து போனாள். கிருமி இருந்தால் எழும்ப வேண்டிய கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சின்ன மேடுகூட இல்லை.

நியாண்டேயின் ரத்தத்தில் லாஸா இல்லை.

போன வாரம் கணினியில் எந்தக் கிருமி எதன் வம்சம் என்று காட்டும் கிளைப்படத்தைப் பார்த்ததிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எலியிடமிருந்து தொற்றும் லாஸா காய்ச்சல் என்று வார்டில் முடிவான ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் கிருமியின் மரபணு எழுத்துகளைப் படித்து, எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது தியாங்கேயின் வேலை. தங்கையின் ரத்தம் இருந்த சோதனைக் குழாயையும் அவள்தான் படித்தாள். அதில் கிடைத்த கிருமி, ஆற்றுக்கு அக்கரையில் செமாபு கிராமத்து வீடுகளில் பிடித்த எலியின் கிருமியோடு ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போனது. ஆளுக்குள் குடியேறிய கிருமி அப்படி ஒத்துப்போகாது. அங்கங்கே ஓர் எழுத்தாவது மாறியிருக்கும். அதுவும் போக, நியாண்டே ஆற்றைத் தாண்டியவளே இல்லை. படகைக் கண்டால் அலறுவாள்.

அப்படியென்றால் எலி அவளிடம் வரவில்லை. அவளுடைய குழாய்க்கு வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி ஃப்ரீஸரில் வேறு குழாயில் மிச்சம் இருந்த தங்கையின் ரத்தத்தைக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து பார்த்தாள். கோடு எழும்பவில்லை. திரும்பச் செய்தாள். எழும்பவில்லை. இன்று மூன்றாவது.

கதவு திறந்தது. லாஹாய். அவளுடைய கணவன், எலி ஆராய்ச்சிக் குழுவின் தலைவனும் அவன்தான். கையில் அவளுக்காக வாங்கி வந்த ரொட்டியும் வறுத்த மீனும்.

"இங்கதான் இருக்கியா? அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்னுல்ல நெனச்சேன். நாப்பதாம் நாளும் அதுவுமா, அரிசி இடிக்க ஆளில்லன்னு அவங்க வைய மாட்டாங்களா?"

அவள் பேசாமல் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் பார்த்தான். பொட்டலத்தை மேசையில் வைத்தான். பிறகு, ஆய்வுக்கூட மேசையில் சாப்பாடு வைக்கக் கூடாது என்று நினைவு வந்ததுபோல அதை எடுத்து மறுபடியும் கையில் வைத்துக்கொண்டான்.

"யாரோடது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"தியாங்கே..."

"அன்னைக்கு அந்த ஹூட்ல காலைல நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

அவன் பொட்டலத்தின் முடிச்சை இறுக்கிக் கட்டினான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

அந்தப் பொது ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கையாள இரண்டு ஹூட்கள் உண்டு. முன்னால் கண்ணாடி இறக்கி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வடிகட்டும் மேசைகள். ஒன்றின் வடிகட்டி போய் வருஷமாகிவிட்டது. கப்பலில் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை ஆஸ்பத்திரிக்காரர்களும், எலிக் குழுவும், தடுப்பூசிக் குழுவும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் மனிதர், பிற்பகலில் எலி. காலையில் நோயாளிகளின் ரத்தம். அது முடிந்த பிறகே எலிகளின் மண்ணீரலை அரைக்கும் வேலை. ஓர் எலியின் மண்ணீரலில் ஒரு வார்டு நிறைய நோயாளிகளுக்கு இருக்கிற கிருமி இருக்கும். மாலையில் ப்ளீச் போட்டுத் துடைத்து புற ஊதா விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். விளக்கு விடியவிடிய எரிந்து மிச்சத்தைப் பொசுக்கும். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

நோன்பு மாதத்தில் அது மாறிப்போனது.

லாஹாயின் குழுவில் எல்லோரும் நோன்பு பிடிப்பவர்கள். வெறும் வயிற்றோடு, தண்ணீர் குடிக்காமல், இரண்டு கையுறையும் அங்கியும் முகமூடியும் போட்டுப் பிற்பகல் வெயிலில் உட்கார்ந்ததில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். கையில் கத்தி இருந்தது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. இயக்குநர் டாக்டர் கல்லோன் தேவாலயத்துக்குப் போகிறவர். அவர்தான் முதலில் சொன்னார். "பாவம், அவங்க காலைல முடிச்சிட்டுப் போகட்டும். இந்த ஒரு மாசம் நாம மதியம் பாத்துக்குவோம்." ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

காலையில் எலி. பிற்பகலில் மனிதர்.

"நான் துடைச்சேன்," என்றான் லாஹாய். "ப்ளீச்சு போட்டு ரெண்டு தடவ துடைச்சேன். விளக்கையும் போட்டுட்டுத்தான் தொழப் போனேன்."

"சுவிட்சப் போட்டீங்க."

"ஆமா, சுவிட்ச..."

அவன் பேச்சு அங்கேயே நின்றது.

நடுப்பகலில் ஜெனரேட்டரை நிறுத்தி ஆறவைப்பது அந்த வளாகத்தின் இன்னொரு வழக்கம். ஃப்ரீஸர்களுக்குத் தனி பேட்டரி. மற்றபடி தொழுகை நேரத்தில் எந்த மேசையிலும் ஆளிருக்காது என்பதால் யாருக்கும் அதனால் தொல்லை இல்லை. விளக்கு எரிய வேண்டியது இரவில்தானே. அப்போது ஊர் மின்சாரம் வந்துவிடும். நோன்பு மாதத்தில் மட்டும் விளக்குக்கு நடுப்பகலில் வேலை வந்தது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"அன்னைக்கு மட்டுமா? மாசம் பூரா விளக்கு எரியல," என்றாள் தியாங்கே. "உங்க ப்ளீச்சு காப்பாத்துன நாளெல்லாம் காப்பாத்துச்சு. ஏதாவது கலந்தா காட்டிக்குடுக்கட்டும்னு வச்ச வெறுந்தண்ணிக் குழாய் அன்னைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு. அந்த வரிசைல ஒரே ஒரு குழாய்லதான் ஏறிக்கிச்சு. யாரு குழாய்னு பாத்து ஏறிக்கிச்சு பாருங்க."

லாஹாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பெரிய உடம்புக்காரன். காட்டில் எலிப்பொறி வைத்துவிட்டு இரவெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவன். இப்போது துணியை உலர்த்தப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தான்.

"அம்மாகிட்ட இன்னைக்குச் சொல்லப் போறியா?"

"தெரியல."

"இன்னைக்கு வேணாம் தியாங்கே. கெஞ்சிக் கேக்கறேன்."

---

டாக்டர் கல்லோன் மூன்று தாள்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அழுவார் என்று தியாங்கே எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் அழுதார். சத்தமில்லாமல், சின்னதாக, மேசைமேல் கையை விரித்துவைத்துக்கொண்டு.

"பிள்ளைய எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்," என்றார்.

நியாண்டேயின் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. லாஸா என்று ஆகிவிட்டால் பிள்ளையை எடுத்தால்தான் தாய்க்கு ஒரு வழி பிறக்கும். அந்த வார்டு எத்தனையோ சாவுகளைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. எடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு மலேரியா இருப்பதாகவும் சீட்டில் எழுதியிருந்தது. மழைக்காலத்தில் யாருக்குத்தான் மலேரியா இல்லை? அதை யாரும் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

"நீங்க செஞ்சது சரிதான் டாக்டர். அந்தச் சீட்டு அப்படித்தான சொல்லுச்சு."

"எனக்கு ஆறுதல் சொல்ல வந்தியா?"

"இல்ல. இன்னைக்கு எங்க வீட்ல சொல்லிடப் போறேன்னு சொல்ல வந்தேன்."

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குரல் பழையபடி ஆகிவிட்டது. அதுதான் தியாங்கேக்குப் பயமாக இருந்தது.

"உக்காரு. நான் சொல்றத முழுசாக் கேளு. நீ வேலைக்கு வந்த புதுசுல இந்த வார்டு எப்படி இருந்துச்சு? காலிக் கட்டில். காய்ச்சல்காரங்க எல்லாம் எங்க கெடந்தாங்க? வீட்டுல. ஆஸ்பத்திரிக்காரன் ஊசில நோய ஏத்துறான், ரத்தத்த விக்கிறான்னு ஊரே பேசுச்சு. ஒவ்வொரு பள்ளிவாசலாப் போய், ஒவ்வொரு சந்தையாப் போய்ப் பேசித்தான இப்போ நாலு பேர் வர்றாங்க? நீ இன்னைக்குக் கூட்டத்துல எந்திரிச்சு, நல்லா இருந்தவள நாங்கதான் கொன்னுட்டோம்னு சொன்னா, நாளைக்கு வார்டுக்கு யாரு வருவா?"

தியாங்கே தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள்.

"சொல்ல வேணாம்னு சொல்லல. அமைச்சகத்துக்கு எழுதறேன். அந்த மாசத்துக் குழாய் எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். எல்லாம் முடிஞ்சதும் நானே உங்கம்மா கால்ல வந்து விழறேன்."

"எப்போ டாக்டர்?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எங்கம்மா பொறுக்க மாட்டாங்க. நாப்பது முடிஞ்சதும் தங்கச்சி புருஷன உறவே இல்லன்னு வெட்டி விடப் போறாங்க. அவனோட மூணு வயசுப் பிள்ளையையும் குடுக்க மாட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்கு அவன்தான் இழுத்துட்டுப் போனானாம், நோய் அவன் வீட்டு எலிப்பொந்துல இருந்துதான் வந்துச்சாம். அவன் வீட்டுல எலியே இல்ல டாக்டர். ரெண்டு பூனை வளக்குறான்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். "ஒரு குடும்பத்துச் சண்டைய, ஒரு ஜில்லாவோட உயிரோட வச்சு எடை போடுற."

"ஆமா," என்றாள் தியாங்கே. "போட்டுத்தான் பாக்குறேன்."

---

தியாங்கேயின் தாய் கூலா அம்மாவின் முற்றத்தில் நாற்பதாம் நாளுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் ஊறவைத்த அரிசியை உரலில் இடித்துச் சர்க்கரை சேர்த்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மரவள்ளி இலைக் குழம்பு பெரிய அண்டாவில் பனையெண்ணெய் மிதக்கக் கொதித்தது.

"வாங்கம்மா படிச்ச மக," என்றாள் பெரியம்மா. "அரிசி இடிச்சு முடிஞ்சப்புறம் வந்து நிக்கிறியே, எந்தப் பள்ளிக்கூடத்துல இதச் சொல்லிக் குடுத்தாங்க?"

"வேலை இருந்துச்சு பெரியம்மா."

"எலிக்கு நாடி பாக்குற வேலைதான? எலிக்கு இப்போ தேவலையா?"

பெண்கள் சிரித்தார்கள். தியாங்கேயும் சிரிக்க முயன்றாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

பந்தலுக்கு வெளியே, மாமர நிழலும் எட்டாத இடத்தில், ஒரு பெஞ்சில் ப்ரைமா தனியாக உட்கார்ந்திருந்தான். நியாண்டேயின் கணவன். பக்கத்தில் நாலு பேர் உட்கார இடமிருந்தும் யாரும் உட்காரவில்லை. நோய்க்குப் பயந்து அவன் வீட்டு மெத்தையை ஊரார் தெருவில் போட்டு எரித்ததிலிருந்து அவன் கடையில் யாரும் சோப்புகூட வாங்குவதில்லை.

தியாங்கே ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய் அவனிடம் நீட்டினாள்.

"குடுக்காதீங்க மதினி. அத்தை பாத்தா வம்பு."

"பாக்கட்டும். சாப்பிடு."

"ஜெபே எங்க?"

"உள்ள தூங்குறா."

"ஒரு தடவ தூக்கிக் காட்டுறீங்களா? தள்ளி நின்னே பாத்துக்கறேன். தொட மாட்டேன்."

ஜெபே, ப்ரைமாவின் மூன்று வயது மகள். அம்மா போன நாளிலிருந்து பாட்டி வீட்டில்தான் இருக்கிறாள். தியாங்கே வாசல் பக்கம் திரும்பியபோது உள்ளேயிருந்து கூலா அம்மாவின் குரல் வந்தது.

"யாரு அது, ஆஸ்பத்திரி மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறது? அந்தத் தட்டத் திரும்ப அண்டா பக்கம் கொண்டு வராத. அங்கயே ஒடச்சுப் போட்ரு."

ப்ரைமா தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

லாஹாய் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துவைத்த வெள்ளை அங்கி, தொப்பி. பந்தலுக்குள் போகாமல் நேராகப் போய் ப்ரைமாவின் பெஞ்சில் உட்கார்ந்தான். ஊரே பார்த்தது.

"என்ன சகலை, இங்க உக்காந்துட்டீங்க? உங்களையும் ஒதுக்கிடுவாங்க."

"ஒதுக்கட்டும்," என்றான் லாஹாய்.

---

தொழுகை முடிந்தது. இமாம் தொண்டையைச் செருமினார்.

ஒருவரை மண்ணுக்குள் இறக்குவதற்கு முன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பது அவர்கள் வழக்கம். செத்தவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் சொல்லுங்கள், மன்னியுங்கள். செத்தவருக்கு யாராவது தீங்கு செய்திருந்தால் இப்போதே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். மண் விழுந்துவிட்டால் பிறகு கேட்க முடியாது. நியாண்டேக்கு அதைக் கேட்க ஆளில்லாமல் போனது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் அவளை ஒரு பையில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கூலா அம்மா கத்தினாள். குளிப்பாட்டவில்லை. வெள்ளைத் துணி உடுத்தவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து வந்ததையும் அதே பையில்தான் வைத்தார்கள் என்று யாரோ பிறகு சொன்னார்கள்.

"அன்னைக்குக் கேக்க முடியாதத இன்னைக்குக் கேக்கறேன்," என்றார் இமாம். "நியாண்டே யாருக்காவது தப்புப் பண்ணியிருக்காளா?"

"இல்ல, இல்ல," என்று முனகியது கூட்டம். ஒரு கிழவி மட்டும், "என் சல்லடைய வாங்கிட்டுப் போனவ குடுக்கவேயில்ல. போகட்டும், மன்னிச்சேன்," என்றாள்.

"நியாண்டேக்கு யாராவது தப்புப் பண்ணியிருந்தா சொல்லுங்க."

அண்டாவுக்குக் கீழே விறகு வெடித்தது.

தியாங்கே லாஹாயைப் பார்த்தாள். அவன் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலிக் கட்டில்கள் என்றாரே டாக்டர். அந்தக் கட்டில்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன.

ப்ரைமா எழுந்தான்.

"நான் பண்ணேன்," என்றான். "ஆஸ்பத்திரி வேணாம், வேர் அவிச்ச தண்ணி குடுக்கலாம்னு அத்தை சொன்னாங்க. நாந்தான் கேக்கல. வண்டில ஏத்தும்போது வரமாட்டேன்னு அவ கதவப் புடிச்சிக்கிட்டா. நான் கைய ஒவ்வொரு விரலாப் பிரிச்சு ஏத்துனேன். நியாண்டே, என்ன மன்னிச்சிடு. அத்தை, நீங்களும் மன்னிச்சிடுங்க."

இமாம் கூலா அம்மாவைப் பார்த்தார். வழக்கப்படி அவள் 'மன்னித்தேன்' என்று சொல்ல வேண்டும்.

"மன்னிக்க மாட்டேன்," என்றாள் கூலா அம்மா.

"அம்மா, சபைல அப்படிச் சொல்லக் கூடாது."

"மன்னிக்க மாட்டேன். நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும். எம் மகளுக்கு நோயக் குடுத்தவன் இவன். இழுத்துட்டுப் போய் அறுக்கக் குடுத்தவனும் இவன். இன்னையோட இவனுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல. ஜெபே என் பிள்ளை. இவன் நெழல் அவ மேல படக் கூடாது."

ப்ரைமா தலையை ஆட்டினான். நியாயமான தீர்ப்பைக் கேட்டவன்போல. அந்தத் தலையாட்டலைத்தான் தியாங்கேயால் தாங்க முடியவில்லை.

அவள் எழுந்துவிட்டாள்.

"அம்மா. அவளுக்கு அந்த நோய் இல்ல."

"என்னடி சொல்ற?"

"லாஸா இல்ல. அவளுக்கு மலேரியாதான் இருந்துச்சு. ரத்தத்த நானே திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். நோய் அவ உடம்புல இல்லம்மா, எங்க மேசைல இருந்துச்சு. அவ ரத்தத்தத் தொறந்த மேசைல அன்னைக்குக் காலைல எலிய அறுத்திருந்தாங்க. எலியோட கிருமி அவ குழாய்ல கலந்துபோச்சு. அதப் பாத்துத்தான் பிள்ளைய எடுத்தாங்க. ப்ரைமா ஒரு தப்பும் பண்ணல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொண்டு வந்தது.

"யாரோட எலி?" என்றாள் பெரியம்மா.

பெஞ்சில் அசைவு தெரிந்தது. லாஹாய் எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"என்னுது," என்றான்.

ப்ரைமா பக்கத்தில் நிற்பவனை நிமிர்ந்து பார்த்தான். "காலைலயா? நீங்க மத்தியானந்தான சகலை எலி அறுப்பீங்க?"

"நோன்புக்காக மாத்திக்கிட்டோம்."

"நோன்புக்காகவா?" என்றான் ப்ரைமா. "அவளும் பிடிச்சா சகலை. வயித்துல பிள்ளையோட பிடிக்க வேணாம்னு சொன்னேன், கேக்கல. காய்ச்சல் வந்தப்பவும், நோன்புச் சோர்வுதான், நோன்பு தொறந்தா சரியாயிடும்னுதான் படுத்துக் கெடந்தா."

அவன் லாஹாயை அடிப்பான் என்று ஆண்கள் இரண்டு பேர் நெருங்கி வந்தார்கள். அவன் அடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

கூலா அம்மா மட்டும் தியாங்கேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எலியும் தெரியவில்லை, மேசையும் தெரியவில்லை.

"அப்போ நான் அவளக் குளிப்பாட்டியிருக்கலாமா?"

"அம்மா..."

"கேட்டதுக்குச் சொல்லுடி. அவ ஒடம்ப நான் தொட்டிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படித்தான?"

"ஆகியிருக்காதும்மா."

"தலைய மடில வச்சுச் சடைய அவுத்து விட்டிருக்கலாம்?"

"விட்டிருக்கலாம்."

கூலா அம்மா கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், தூக்கக் கலக்கத்தில் இருந்த ஜெபேயை நடத்திக்கொண்டு வந்தாள்.

"போ. அங்க அப்பா இருக்கான் பாரு. போ."

பிள்ளை ப்ரைமாவைப் பார்த்தது. அவன் இரண்டு கையையும் நீட்டினான். பிள்ளை பாட்டியின் இடுப்புத் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் சொன்னது.

"தொடக் கூடாது. சீ."

இமாம் வாய்க்குள் எதையோ ஓதினார்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பச்சைத் துணி உடுத்தியவள். மூன்று தெரு தள்ளி வெங்காயம் விற்கிற மொய்ன்யா.

"தியாங்கே, ஒண்ணு கேக்கணும்," என்றாள். "எம் மகளுக்கு மூணு நாளாக் காய்ச்சல். தொண்டைல புண்ணுங்கறா, தண்ணி எறங்கல. இன்னைக்குச் சாப்பாடு முடிஞ்சதும் உங்க வார்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்னு இருந்தேன். இப்போ போகவா வேணாமா?"

வார்டுக்கு வரும் லாஸா நோயாளிகள் சொல்லித் தியாங்கே கேட்டதெல்லாம் இதுதான். தொண்டைப் புண். மூன்று நாள்.

"தூக்கிட்டு வாங்கக்கா. இப்பவே. சாப்பாட்டுக்கெல்லாம் நிக்காதீங்க."

"எங்க தூக்கிட்டு வர? உன் தங்கச்சி போன எடத்துக்கா?"

"இப்போ மாத்தியாச்சு அக்கா. நோன்பு முடிஞ்சதும் பழையபடி..."

"மாத்தியாச்சா?" மொய்ன்யா சிரித்தாள். சிரிப்பு முகத்தில் இல்லை. "உங்களுக்கென்ன, மாத்தி மாத்தி வச்சுக்குவீங்க."

துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தை விட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் எழுந்தார்கள். பிறகு ஒரு கிழவர். அரிசி உருண்டைகள் தட்டில் அப்படியே இருந்தன.

தியாங்கே செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு செம்மண் தெருவில் ஓடினாள். "அக்கா, நில்லுங்க. நான் தூக்கிக்கறேன். நான் கூடவே இருக்கேன், எல்லாத்தையும் நானே பாக்கறேன்." முச்சந்தியில் மொய்ன்யா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள். தியாங்கே போய்ச் சேர்வதற்குள் மொய்ன்யா வீட்டுத் தகரக் கதவு மூடிக்கொண்டு, உள்ளே தாழ் விழுந்தது.

அவள் தட்டினாள். கையால் தட்டினாள், பிறகு இரண்டு கையாலும் அடித்தாள்.

"கதவத் தொறங்க. இது மலேரியா மாதிரி தெரியல. அக்கா, மருந்து இருக்கு. நாளாச்சுன்னா அந்த மருந்தும் கேக்காது."

உள்ளே ஒரு பெண் குழந்தை வாந்தியெடுக்கும் சத்தம். தண்ணீர்ப் பானையை இழுக்கும் சத்தம். அதற்குப் பிறகு, கதவுக்கு மிக அருகில், மொய்ன்யாவின் குரல். கத்தவில்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல போய் உங்க மேசையக் கழுவு."